அளந்து எழுத விடுங்கள்: வாகன உதிரிபாகத் தொழிற்சாலைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர், ஓசூர் வட்டாரங்களில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளை நடத்தும் ஆலைத் தலைவர்களுக்கும், தரப்பிரிவுத் தலைவர்களுக்கும், மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

ஆடி பிறந்ததும் உங்கள் வாசலில் புதிய பேட்ச் வந்து நிற்கும். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், அட்டைப்பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த சேஃப்டி ஷூ, இரண்டு நாளில் அது கணுக்காலில் போடப்போகும் கொப்புளம் என்று வருவார்கள். தன் பெயருக்குப் பக்கத்தில் ‘பொறியாளர்’ என்று எழுதிப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் ஆறாத கைகள் அவை. அந்தக் கைகளில் நீங்கள் முதலில் எதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றியது இந்த மடல்.

நான் வெளியாள் இல்லை. 2005ஆம் ஆண்டு சென்னைக்கு மேற்கே ஒரு பிரேக் பாகத் தொழிற்சாலையில் ஜி.இ.டி.யாக, அதாவது பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். இன்று வண்டி செய்யும் நிறுவனம் ஒன்றில், உதிரிபாகம் தருபவர்களின் தரத்தைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் உங்களைப் போன்றவர்களின் ஆலைகளில்தான் கழிகிறது. உங்கள் கேன்டீன் சாம்பார் வரை எனக்குப் பழக்கம்.

சென்ற ஆண்டு ஓர் ஆலைக்கு ஆடிட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கியர்பெட்டிக்கான ஷாஃப்ட் செய்யும் இடம். கிரைண்டிங் லைனில் எஸ்.பி.சி. படிவம், அதாவது புள்ளியியல் வழியில் தரத்தைக் கண்காணிக்கும் படிவம், தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கு ஐந்து பீஸ் எடுத்து விட்டத்தை அளந்து, சராசரியையும் வீச்சையும் புள்ளி வைத்துக் கோடு போடும் படிவம். ஒரு மாதத்துக்கான புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டி அழகாக ஏறி இறங்கியிருந்தன. அந்த அழகுதான் எனக்கு உறுத்தியது. சாணைச் சக்கரம் தேயத் தேய ஷாஃப்டின் விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். சக்கரத்தைச் சீவிச் சரிசெய்து, அதாவது டிரெஸ்ஸிங் செய்து, தேய்மானத்துக்கு ஈடாக ஆஃப்செட் கொடுத்ததும் சட்டென்று இறங்கும். உண்மையில் அளந்த படிவத்தில் அது ரம்பத்தின் பல்லைப் போலத் தெரியும். இந்தப் படிவத்தில் ஒரு பல்கூட இல்லை.

பக்கத்தில் பயிற்சிப் பொறியாளராக ஒரு பெண் நின்றிருந்தார். வந்து எட்டு மாதம் ஆகியிருந்ததாம். படிவத்தின் கீழே அவருடைய கையெழுத்து.

“இந்த வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்ட் அளவுகளை யார் எடுத்தது, அம்மா?” என்று கேட்டேன்.

அவர் தன் மேலாளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “யாரும் எடுக்கவில்லை, சார். நான் உட்கார்ந்து எழுதினேன்” என்றார்.

மேலாளரின் முகம் வெளிறிப்போனது. நான் நான்குவரி எழுதிக்கொண்டு அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்தேன். மூன்று வாரம் கழித்து, சரிசெய்த நடவடிக்கைகளைப் பார்க்க மறுபடி போனபோது அந்த இடத்தில் வேறொரு பையன் நின்றான். அந்தப் பெண்ணை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். நட்டும் வாஷரும் எண்ணுகிற வேலை. பயிற்சிக் காலம் முடிந்ததும் நிரந்தரம் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. எல்லார் முன்னிலையிலும் அந்தக் கேள்வியைக் கேட்டது என் தவறு. தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு நான் பட்டிருக்கும் கடனுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏனென்றால், 2005இல் நான் அந்தப் பெண்ணைப் போல உண்மையைச் சொல்லவில்லை.

சேர்ந்து நான்காவது மாதம். இரண்டு நாளில் வாடிக்கையாளரின் ஆடிட். மாலை ஐந்து மணிக்கு என் மேலதிகாரி ஒரு கட்டுக் காலிப் படிவங்களையும் மூன்று பேனாக்களையும் மேசையில் வைத்தார். நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, நீலத்திலேயே வேறு மை ஒன்று. மூன்று ஷிஃப்டுக்கு மூன்று மை. பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்துக்கு 25 தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து அளவுகள், ஆக 125 எண்கள். அதுபோல ஆறு பாகங்கள். “எல்லைக்கு வெளியே போய்விடாதே, எல்லாவற்றையும் நடுவிலும் வைக்காதே” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். இரவு பதினொன்றரை வரை எழுதினேன். கல்லூரியில் நான்கு ஆண்டு படித்த புள்ளியியல், இயற்கையாகத் தோன்றும்படி எண்களைச் சிதறவிட உதவியது. என் படிப்பின் முதல் பயன் அது.

வந்த ஆடிட்டர் வயதானவர். படிவத்தை இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு என்னை அழைத்து, “தம்பி, அந்தக் கருவியை எடுத்து வாருங்கள்” என்றார். எடுத்துவந்தேன். உள்விட்டம் அளக்கும் டயல் கேஜ். “இதன் மிகச் சிறிய பிரிவு எவ்வளவு?” இரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, என்றேன். அவர் விரல் என் படிவத்தின்மேல் நகர்ந்தது. மூன்று, ஏழு, பதினொன்று, ஐந்து. ஒற்றைப்படை எண்கள் பாதிக்குமேல் இருந்தன. இரண்டிரண்டாக மட்டும் காட்டும் கருவி ஏழு மைக்ரானைக் காட்டாது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அறிக்கையில் பெரிய குறைபாடாக அது வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இருபது ஆண்டாகியும் மறக்கவில்லை. என் மேலதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டினார். பொய் எழுதியதற்குத் திட்டவில்லை. “லீஸ்ட் கவுன்ட்கூடத் தெரியாமல் எழுதியிருக்கிறாயே, நீ எல்லாம் இன்ஜினியரா?” என்று திட்டினார். அடுத்த ஆடிட்டுக்கு நான் இரட்டைப்படை எண்களாக எழுதினேன். அதற்கடுத்த ஆடிட்டுக்கும்.

இந்தப் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு உலகத்தில் சான்று இருக்கிறது. 2023 டிசம்பர் 20 அன்று, டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு தன் எல்லா வண்டிகளின் அனுப்புதலையும் நிறுத்தியது. வெளியார் குழு ஒன்று விசாரித்து, 64 மாடல்களைத் தொட்ட, 25 சோதனை வகைகளில் 174 முறைகேடுகளைக் கண்டிருந்தது. மிகப் பழையது 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கவாட்டு மோதல் சோதனையில் காற்றுப்பையைச் சென்சார் விரிக்க வேண்டிய இடத்தில், டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை. நெருக்கடியான கால அட்டவணைக்குள், ஒரே முயற்சியில் தேற வேண்டும் என்ற அழுத்தத்தில் இருந்த பொறியாளர்கள். மேலே இருந்தவர்கள் சோதனைக் களத்தை எட்டிப் பார்க்கவே இல்லை என்பதையும் குழு சேர்த்துச் சொன்னது. ஜப்பானிலேயே இன்னொன்று, டகாட்டா. காற்றுப்பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர்களின் சோதனை எண்களை மாற்றி வண்டி நிறுவனங்களுக்குக் கொடுத்ததை 2017இல் அமெரிக்காவில் குற்றமாக ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் தண்டம். அதே ஆண்டு ஜூனில் திவால். அந்த இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து உலோகத் துண்டுகளை ஓட்டியவரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சியவை.

முப்பது ஆண்டு நீடித்த ஒரு பொய்யை முதலில் எழுதியவர், அப்போது வேலைக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞராக இருந்திருக்கலாம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவருக்கும் யாரோ மூன்று பேனா கொடுத்திருப்பார்கள்.

என் தொழிலில் எனக்கு உண்மையான முதல் பாடம் நடந்தது வேறு இடத்தில். அந்த ஆடிட் முடிந்து சில வாரம் கழித்து, தண்டனை போல என்னை இரவு ஷிஃப்டில் மெஷின் ஷாப்பில் போட்டார்கள். அங்கே சிலிண்டரின் உள்விட்டத்தை ரீமரால், அதாவது துளையைத் துல்லிய அளவுக்கு அகட்டும் வெட்டுக்கருவியால், கடையும் இயந்திரத்தில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்று கூப்பிடுவேன்.

இரவு ஒரு மணிச் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து இயந்திரத்தை ஓட்டினார். முதலில் வந்த மூன்று பீஸை எடுத்துத் தனியாக வைத்தார். ஏன் என்று கேட்டேன். “அரை மணி நேரம் சும்மா நின்றிருக்கிறது, தம்பி. ஸ்பிண்டில் ஆறிப்போயிருக்கும். சூடேறி நிலைக்கு வரும்வரை அளவு ஓடும். இந்த மூன்றை நம்பாதீர்கள்” என்றார். அளந்து பார்த்தேன். ஓடியிருந்தது.

பிறகு ஒரு பீஸை இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அதே பீஸை மேசையில் வைத்துவிட்டு, டீ குடித்து வந்து அளக்கச் சொன்னார். இரண்டு பிரிவு குறைந்திருந்தது. கருவிதான் பழுதோ என்று திருப்பித் திருப்பி அளந்தேன். அவர் சிரிக்கவில்லை; ஒரு பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “அலுமினியம் சூட்டுக்கு ஊதும்” என்று மட்டும் சொன்னார். அறைக்குப் போய்ப் பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 20 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய உள்விட்டத்துக்குப் பத்து டிகிரி கூடினால் ஐந்து மைக்ரானை ஒட்டி வரும். எங்கள் வரைபடம் அனுமதித்த மொத்த வித்தியாசமே 33 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. வரைபடத்தில் எழுதிய அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் என்று ஏன் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள் என்பது, தேர்வில் அந்த வரியை எழுதி மதிப்பெண் வாங்கியவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ஆறு வாரத்தில் அவரிடம் கற்றதைக் கொண்டுதான் நான் இன்றுவரை பிழைக்கிறேன். ரீமர் தேயும்போது சீவல் நீண்டு சுருளும், சத்தம் மாறும், உள்விட்டம் சிறுக்கும். கருவியை நுழைத்து ஆட்டி, முள் திரும்பும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். முதலில் நிற்கும் இடத்தைப் படித்தால் தப்பு. இதற்கெல்லாம் அவர் ஒரு படிவமும் நிரப்பியதில்லை. ஆனால் அவருடைய சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. எந்த நாள், எந்த ரீமர், எத்தனையாவது பீஸில் அளவு ஓட ஆரம்பித்தது என்று பென்சிலில் எழுதிவைத்திருந்தார். அதிலிருந்து புள்ளிகளை எடுத்து நான் கோடு போட்டேன். ரம்பத்தின் பல் முதன்முதலாக என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டூல் எத்தனை பீஸ் வரும் என்று அதிலிருந்து கணக்கிட்டு, மாற்றும் நேரத்தை முன்னே கொண்டுவந்தோம். அந்த லைனில் ரிஜெக்ஷன் கண்ணெதிரே குறைந்தது. ஆடிட்டுக்காக ஒரே இரவில் எழுதிய 125 எண்களும் அந்தச் சட்டைப்பை நோட்டும் ஒரே இயந்திரத்தைப் பற்றியவை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த எஸ்.பி.சி. படிவத்தின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. 1924 மே மாதம் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் ஒரே பக்கத்தில் வரைந்து காட்டியது அது. இயந்திரம் இயல்பாகத் தடுமாறுகிறதா, இல்லை வேறு ஏதோ புகுந்துவிட்டதா என்று, வேலை செய்பவனே அங்கேயே கண்டுகொள்வதற்காக. எல்லைக்கோட்டை நடுக்கோட்டிலிருந்து மூன்று சிக்மா தள்ளி வைத்தால் (சிக்மா என்பது எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு), எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதுகூட ஏறத்தாழ 370 புள்ளிகளில் ஒன்று வெளியே விழத்தான் செய்யும். ஆண்டு முழுக்க ஒரு புள்ளிகூட வெளியே போகாத கோப்பை நீங்கள் பெருமையோடு என்முன் விரிக்கும்போது, நான் எதைப் படிக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஷூஹார்ட்டின் வழியில் வந்த அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், 1950இல் ஜப்பானுக்குப் போய்ப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தார். வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கொள்கைகளில் ஒன்று; பயம் இருக்கும் இடத்தில் சரியான எண் கிடைக்காது. அவர் பெயரில் ஜப்பான் தரும் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் சென்னைப் பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல். நமக்கு வராத கலை இல்லை இது. இந்த மண்ணில், நம் பிள்ளைகள் கைகளால் செய்து காட்டியது.

கல்லூரி சரியில்லை, வருகிறவனுக்கு வெர்னியர் பிடிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும், நேர்காணல்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குறை இன்று நேற்றுத் தோன்றியதில்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1945இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க முன்னின்று, அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டு வீண், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டுவிட்டார். அந்த வாதம் முழுவதும் சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வெப்பவிரிவு பற்றிய அந்தப் பக்கம் என் புத்தகத்தில் இல்லாமல் இருந்திருந்தால், அண்ணன் சொன்னது வெறும் கைப்பக்குவமாகவே எனக்குள் நின்றிருக்கும். ஆனால் இரும்பைத் தொடாத நான்கு ஆண்டு வீண் என்பதில் ஐயமே இல்லை. அதனால்தான் உங்கள் ஆலையில் கழியும் முதல் ஆண்டு, கல்லூரியின் நான்கு ஆண்டுகளையும் சேர்த்துத் தைக்கும் ஊசி. அதைக் காலிப் படிவத்தில் குத்தி ஒடித்துவிடாதீர்கள்.

ஆளை எடுக்கும்போதும் இதைப் பாருங்கள். மாணவர்களே வண்டி செய்து ஓட்டும் பாஹா போட்டிக்கோ, கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கோ வண்டி கட்டியவர்கள் வருகிறார்கள். எத்தனையாவது இடம் வந்தீர்கள் என்று கேட்டு முடித்துவிடுகிறோம். எது முறிந்தது, எப்படித் தெரிந்தது, எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேளுங்கள். பரிசு வாங்காதவர்களிடம் இதற்கு நல்ல பதில்கள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாகத்தைக் கொடுங்கள். ஒரு சிலிண்டர், ஒரு பிராக்கெட், ஒரு ஒயர் கூட்டு, எதுவானாலும் சரி. அது மூலப்பொருளாக வாசலுக்குள் வருவதிலிருந்து லாரி ஏறும்வரை அவர் பின்தொடரட்டும். அதன் வரைபடம் அவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும். வாடிக்கையாளரிடமிருந்து அந்தப் பாகத்துக்குப் புகார் வந்தால் பதில் தயாரிப்பவர் அவராக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் மூன்று மாதம் கணினிக்கு முன்னால் உட்கார வைக்காமல், அந்தப் பாகத்தைச் செய்யும் ஆபரேட்டரோடு மூன்று ஷிஃப்டிலும் நிற்க வையுங்கள். அந்த ஆபரேட்டரையும் கேளுங்கள். பயிற்சி முடியும்போது இவருக்கு வேலை தெரிகிறதா என்று சொல்லும் உரிமை அவருக்கும் இருக்கட்டும். பல ஆலைகளில் ஆபரேட்டரே ஒப்பந்தத்தில் வந்து ஏழு மாதத்தில் போய்விடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். சட்டைப்பை நோட்டு வைத்திருக்கும் ஓர் ஆளையாவது லைனுக்கு ஒருவராகத் தக்கவைத்துக்கொள்ள முடியாதா என்று உங்கள் மனிதவளப் பிரிவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இதோடு ஒன்றே ஒன்று. கெட்ட எண்ணைக் கொண்டுவரும் புதியவரை அன்றைக்குத் திட்டாதீர்கள். “சார், அளவு வெளியே போயிருக்கிறது” என்று ஒருவர் வந்து நிற்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைத்தான் லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரோடு எழுந்து அந்த இயந்திரத்துக்கு நடந்து போங்கள். அளந்த எண் அளந்த எண்ணாக, அளக்காத இடம் வெறும் கட்டமாக இருக்கட்டும். இரவு ஷிஃப்டில் ஆள் இல்லை, அளக்க முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, ‘அளக்கவில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை எழுதத் தெரிந்தவர்தான் எனக்கு வேண்டிய பொறியாளர்.

இப்போது எல்லாம் தானியங்கி, போல்ட்டை முறுக்கும் மின்கருவியான டி.சி. டூல் கொடுத்த டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, கணினியே பதிவு செய்கிறது, பொய்க்கு இடமில்லை என்று ஒரு ஆலைத் தலைவர் என்னிடம் சொன்னார். அவருடைய லைனிலேயே, அந்தச் சோதனையைத் தாண்டவிடும் பைபாஸ் சாவி சூப்பர்வைசர் மேசை டிராயரில் இருந்தது. பொய், பேனாவிலிருந்து சாவிக்கும் எல்லை அளவை மாற்றும் பாஸ்வேர்டுக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மின்வண்டிக்கு வந்தால் அந்தப் பொய்யின் விலை இன்னும் கூடும். 2022 கோடையில் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது நாடே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. உள்விட்டம் தவறினால் பிரேக் ஆயில் கசியும், பெடல் இறங்கும், ஓட்டுபவருக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைக்கும். பேட்டரி செல் இணைப்பின் வெல்டைச் சோதிக்காமல் சோதித்ததாக எழுதினால், நடுராத்திரியில் வீட்டுக்குள் சார்ஜ் ஏறும்போதுதான் தெரியும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அந்த வேலைக்குத்தான் இந்த ஆண்டுப் பிள்ளைகளில் பலர் வருகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி நீளமாகப் பேச இது இடமில்லை, ஆனாலும் விட மனமில்லை. 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச உதவித்தொகை 2019இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக வைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கும் பிள்ளையிடம் முழுப் பொறியாளரின் கையெழுத்தை வாங்குகிறோம். ஆண்டு முடிவில் வைத்துக்கொள்வோமா, அனுப்பிவிடுவோமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும்போது, மேலாளர் நீட்டும் காலிப் படிவத்துக்கு மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நீங்கள் திருப்பிக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் விலையைக் குறை என்பவர்கள் நீங்கள்தான், உங்கள் லைன் ஐந்து நிமிடம் நின்றால் எங்கள் பணத்தைப் பிடிக்க டெபிட் நோட்டு அனுப்புவதும் நீங்கள்தான், எல்லாம் சரி என்று பச்சை நிறம் காட்டும் கோப்பு இல்லாவிட்டால் அடுத்த ஆர்டரை நிறுத்துவதும் நீங்கள்தான், எங்கள் பிள்ளைகளைப் பொய் எழுத வைப்பது யார் என்று கேட்பீர்கள். நியாயம். வண்டி செய்யும் நிறுவனங்களில் என் நாற்காலியில் இருக்கும் ஒவ்வொருவரும் இதற்குப் பங்காளி. எத்தனையோ ஆண்டு நானும் பச்சைக் கோப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மாலை பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கிறேன். ஆகையால் என் பக்கத்திலிருந்து நான் மாற்றியிருப்பதைச் சொல்கிறேன். எல்லைக்கு வெளியே போன ஒரு புள்ளியையும், அதற்குப் பக்கத்தில் என்ன செய்தோம் என்று எழுதிய இரண்டு வரியையும் காட்டும் ஆலைக்கு நான் குறைபாடு எழுதுவதில்லை. ‘அளக்கவில்லை’ என்ற கட்டத்தைக் கண்டால், ஏன் ஆள் போதவில்லை என்று உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்; அதை என் மேலிடத்துக்கும் எழுதுகிறேன். பயிற்சிப் பொறியாளர்களிடம் கேட்பதைத் தனியாகக் கேட்கிறேன், அவர்கள் பெயரை அறிக்கையில் எழுதுவதில்லை. என் பிரிவிலிருந்து உங்கள் ஆலைக்கு யார் வந்தாலும் இதையே எதிர்பாருங்கள். நடக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

ஸ்டோர்ஸுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண் இப்போது ஓசூர்ப் பக்கம் வேறொரு ஆலையில் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உங்களில் யாருடைய ஆலை என்று எனக்குத் தெரியாது. உங்களுடையதாக இருந்தால், அவர் முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்து, “ஒத்துழைக்க மாட்டார்” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அவரை ஒருமுறை அழைத்து, அந்த வெள்ளிக்கிழமை இரவைப் பற்றி அவர் வாயாலேயே கேளுங்கள். பிறகு உங்கள் ஆலையில் எந்தப் பாகம் உங்களுக்கு அதிகம் தூக்கத்தைக் கெடுக்கிறதோ, அதை அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆலைகளில் பாதி மாதம் கழிக்கும் ஒரு தரப்பிரிவுப் பொறியாளர்